அடுத்த இலையில் யார்?

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் கப்பலேறிப் போக வேண்டிய ஊர். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து, மூன்று நாள் வானையும் நீரையும் பார்த்துச் சலித்த பிறகுதான் அந்தமான் கண்ணில் படும். போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரில் இறங்கியதும், எங்கள் பக்கம் போகும் பேருந்து மாலையில்தான் என்றார்கள். பசி பேருந்துக்காகக் காத்திருக்குமா? அபர்தீன் கடைவீதியை ஒட்டிய சந்தொன்றில், தமிழர் ஒருவர் நடத்தும் சிறிய மெஸ்ஸுக்குள் நுழைந்தேன்.

அங்கே ஆளுக்கொரு மேசை கிடையாது. நீளப் பலகை இரண்டு, இருபுறமும் பெஞ்சு. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டும். என் வலப்பக்கம் திக்லிப்பூரிலிருந்து வந்த வங்காளி உழவர். இடப்பக்கம் இராமநாதபுரத்துக் கொத்தனார். எதிரே, மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு வந்திருந்த நிக்கோபார் இளைஞர். அவருக்கு அருகில் தெலுங்கு மீனவர் ஒருவர். ராஞ்சிப் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் கூலி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர். எங்களில் யாரும் யாரையும் முன்பின் அறிந்தவர் அல்லர்.

இலை போட்டார்கள். சோறு வந்தது. சாம்பார் வாளியோடு வந்தவர் ஓர் இலையையும் விடவில்லை. ஓர் இலைக்கும் தனிக் கவனிப்புக் காட்டவில்லை. ஊறுகாய்க் கிண்ணம் பலகைக்கு ஒன்றுதான். அது கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. ரசத்தை எப்போது ஊற்றிக் கொள்வது என்று உழவருக்குத் தெரியவில்லை. கொத்தனார் தம் இலையைக் காட்டிச் சைகையாலேயே சொல்லிக் கொடுத்தார். மீன் வந்ததும் ஆசிரியர் மாணவர் ஆனார். முள்ளை எப்படி ஒதுக்குவது என்று உழவர் காட்ட, கொத்தனார் கற்றுக் கொண்டார். கப்பல் தாமதித்ததால் தக்காளி விலை ஏறிவிட்டதைப் பற்றி எல்லாரும் அரைகுறை இந்தியில் குறைபட்டுக் கொண்டோம். அந்த அரை மணி நேரத்தில் என்னை யாரும், "தம்பி, எந்த ஊர்? அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை.

இதென்ன பெரிய செய்தி, ஓட்டலில் பலரும் ஒன்றாகத்தானே உண்கிறார்கள் என்று அன்பர்கள் கேட்கலாம். அதைச் செய்தியாக்கியது நம் விடுதியின் அறிவிப்புப் பலகை. விடுமுறை முடிந்து திரும்பிய அன்று அதில் நம் மன்றத்தின் பொங்கல் விருந்து பற்றிய அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. சிறப்பு விருந்தினர்க்கும் ஆசிரியர்க்கும் மாடிக் கூடத்தில் வாழையிலைப் பந்தி. மாணவர்க்குக் கீழே முற்றத்தில் தட்டு. சமையற்காரர்களைப் பற்றியும், பாத்திரம் துலக்குவோரைப் பற்றியும் அதில் ஒரு சொல்லும் இல்லை. சென்ற ஆண்டு அவர்கள் பின்கட்டில் நின்றபடியே, ஆறிப்போன பொங்கலை அலுமினியச் சட்டியில் வாங்கி உண்டதை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். அறிவிப்பைப் படிக்கப் படிக்க, அந்தமான் மெஸ்ஸின் ஊறுகாய்க் கிண்ணம்தான் என் கண்முன் வந்து நின்றது.

விருந்து என்று எழுதியிருந்தார்களே, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? நாம் தமிழ் மன்றத்தார். சொல்லின் பொருளைத் தேடுவது நமக்குக் கடமை. விருந்து என்றால் புதுமை. புதுவகைச் செய்யுளுக்கே விருந்து என்று பெயர் வைத்தார் தொல்காப்பியர். பிறகு புதிதாய் வந்தவரை அது குறித்தது. வந்தவர்க்கு இடும் உணவைக் குறித்தது அதற்கும் பிறகுதான். திருவள்ளுவரும் இவ்வேறுபாட்டை அறிந்தே நூல் செய்தார். உற்றாரையும் உறவினரையும் தழுவிக் கொள்வதற்குச் சுற்றந்தழால் என்று தனி அதிகாரம் வைத்தார். விருந்தோம்பலை வேறோர் இடத்தில், இல்லறவியலில் வைத்தார். அப்படியானால் மாமனும் மைத்துனனும் கூடி உண்பது சுற்றந்தழால். முகமறியாத ஒருவர் வந்து அடுத்த இலையில் அமர்வதே விருந்து. நாம் இன்று விருந்து என்று சொல்லிக் கொண்டு நடத்துபவற்றில் எத்தனை விருந்து, எத்தனை சுற்றந்தழால்? எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த இலையில் யார் என்னும் கேள்வி தமிழ்நாட்டில் சிறிய கேள்வியாக என்றும் இருந்ததில்லை. தென்கோடியில் அய்யா வைகுண்டர் தம் அடியார்களைச் சாதி பாராமல் ஒரு கிணற்று நீரில் குளிக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் செய்தார். வடலூரில் இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டில் தருமச்சாலை தொடங்கினார்; பசித்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி அங்கே கேட்கப்படவில்லை. அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது.

ஆனால் அவ்வடுப்பு எரிந்து கொண்டிருந்த அதே நாட்டில், அரை நூற்றாண்டுக்குப் பின்னும், சேரன்மாதேவியில் என்ன நடந்தது? அடிமை நாட்டின் இளைஞர்களை வீரர்களாக்க வேண்டும் என்று வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமண மாணவர் சிலர்க்கு உணவு தனியே அளிக்கப்பட்டது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் அது பெரும் புயலாயிற்று. டாக்டர் வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தெழுந்தார்கள். காந்தியடிகள் வரை வழக்குப் போயிற்று. நாட்டு விடுதலைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தவர்கள், இரண்டு இலைகளை அருகருகே போடும் வழி காணாமல் திகைத்தார்கள். இலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி அவ்வளவு பெரிது.

அக்காலத்து இரயில் நிலைய உணவுச் சாலைகளிலும் பிராமணர்க்கு ஓர் இடம், இதரர்க்கு ஓர் இடம் என்று இருந்தன. 'இதரர்' என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு நாட்டையே அடைத்து வைத்திருந்தார்கள். சாதிப் பெயரைப் பலகையில் எழுதிய ஓட்டலை எதிர்த்துச் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1957இல் பெரியார் நடத்திய மறியல் வரை அக்கதை நீண்டது. அதற்குள் அரசியல் சட்டம் வந்துவிட்டது. கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் எவரையும் சாதி, மதம், இனம் காட்டித் தடுக்கலாகாது என்று அதன் 15ஆம் பிரிவு விதித்தது. தீண்டாமை ஒழிந்தது என்றது 17ஆம் பிரிவு. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. ஆகவே பெஞ்சில் உட்காரும் உரிமை நமக்குச் சட்டப்படி உண்டு. ஆயினும் இரட்டைக் குவளைத் தேநீர்க் கடை பற்றிய செய்தி இன்றும் எங்கிருந்தோ வந்து கொண்டுதான் இருக்கிறது. சட்டம் கதவைத் திறக்கும். கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைப்பது நம் வேலை.

இது நம் நாட்டுக்கு மட்டும் வாய்த்த நோயன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சவன்னா போன்ற ஊர்களின் பழைய உணவு விடுதிகளில் ஒரு பெரிய மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் முகமறியாமல் அமர்வார்கள். பொரித்த கோழியும் அவரையும் கீரையும் கிண்ணம் கிண்ணமாக நடுவில் இருக்கும். எடுத்துக் கொண்டு அடுத்தவரிடம் நகர்த்த வேண்டும். குடும்பம் போல உண்பது என்று அதைப் பாராட்டுவார்கள். ஆனால் 1960களின் தொடக்கம் வரை அத்தென் மாநிலங்களில் அந்தக் குடும்பத்திற்கு நிறம் இருந்தது. அடுப்படியில் கறுப்பினப் பெண்கள் சமைக்கலாம், மேசையில் அமரலாகாது.

அதை உடைத்தவர்களில் நம்மைப் போன்ற மாணவர்கள் முன்னே நின்றார்கள். 1960 பிப்ரவரி முதல் நாள், கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் ஊல்வொர்த் கடையின் உணவு மேடை முன் அமர்ந்து காப்பி கேட்டார்கள். தர மறுத்தார்கள். அவர்கள் எழவில்லை, கடை அடைக்கும் வரை அமர்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் அம்மேடை எல்லார்க்கும் திறந்தது. 1964இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. கல்லெறியவில்லை, கடையை உடைக்கவில்லை, உட்கார்ந்தார்கள், அவ்வளவே. எங்கே உட்காருகிறோம் என்பதும் ஓர் அறப்போர் ஆகலாம் என்பதை அந்நால்வரும் நமக்குக் காட்டினார்கள்.

இனி என் தீவுக்கு வருகிறேன். அபர்தீன் மெஸ்ஸின் பெஞ்சு அன்பினால் மட்டும் உண்டானது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அதன் அடியில் விலங்கின் ஓசை இருக்கிறது. 1858இல் ஆங்கிலேயர் அங்கே தண்டனைக் குடியிருப்பை அமைத்து, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கைதிகளைக் கொண்டு போய்க் கொட்டினார்கள். பொதுச் சமையல் என்றாலே கலகம் மூண்ட காலம் அது. 1840களில் பீகார்ச் சிறைகளில் தனித்தனியே சமைத்துண்டவர்களை ஒரே சமையலுக்குக் கொண்டுவரக் கும்பினியார் முயன்றபோது கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கடல் கடந்தாலே சாதி போகும் என்று அஞ்சியவர்கள், கடலும் கடந்து, கலந்தும் வாழ நேர்ந்தது. தண்டனைக் காலத்தில் நன்னடத்தை காட்டியவர்க்கு நிலம் கொடுத்தார்கள்; பெண் கைதியரை மணந்து குடும்பம் நடத்த அனுமதித்தார்கள். அப்படி மணந்தவர்கள் பலரும் சாதியும் மொழியும் பார்க்கவில்லை. சிலர் மதமும் பார்க்கவில்லை. அவர்கள் வழிவந்தவர்களை எங்கள் தீவில் 'லோக்கல் பார்ன்' என்போம். அவர்களிடம் போய் எந்தத் தெரு என்று கேட்டால், வீட்டுக்கு வழி கேட்பதாக நினைத்து விடை சொல்வார்கள்.

அந்தக் கடைவீதிக்கு அருகிலேயே செல்லுலார் சிறை நிற்கிறது. 1896இல் தொடங்கி 1906இல் முடித்த கட்டடம். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கைகள் விரிந்தன. ஒவ்வொரு கையிலும் தனியறை தனியறையாக அடுக்கினார்கள். ஓர் அறையிலிருப்பவன் இன்னோர் அறையிலிருப்பவன் முகத்தைக் காணலாகாது என்பதே அதன் திட்டம். 1933இல் அங்கே அரசியல் கைதிகள் உண்ணாநோன்பிருந்து மூவர் உயிர் நீத்தபோது, உண்ணத்தக்க உணவு அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. மனிதனை ஒடுக்க வேண்டுமென்றால் முகங்களைப் பிரிக்க வேண்டும் என்று ஆண்டவனுக்குத் தெரிந்திருந்தது. முகங்களை எதிரெதிரே உட்கார வைக்கும் பெஞ்சு எவ்வளவு பெரிய விடுதலை என்பது அச்சிறையைப் பார்த்துவிட்டு மெஸ்ஸுக்குள் நுழைந்தால்தான் புரியும்.

எங்கள் தீவைப் பற்றிய கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. அந்த நிலத்துக்கு உரியவர்கள் நாங்கள் அல்லர். கைதிகளும், பிறகு அகதிகளும், கூலிகளும், வணிகரும் வந்து அமர்ந்த பந்தியில், வீட்டுக்காரர்க்கு இலை போடவில்லை. 1858இல் ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் இன்று சில பத்துப் பேராகக் குறுகிவிட்டார்கள். சரவர் காட்டின் ஊடே நெடுஞ்சாலை போகிறது. சுற்றுலாப் பயணிகள் எறியும் உணவுக்காகச் சரவர் பெண்கள் ஆட வைக்கப்பட்ட காட்சி 2012இல் வெளிவந்து உலகெங்கும் தலைகுனிய வைத்தது. அவர்களுக்கு உணவு கொடுப்பதையே சட்டம் தடுக்கிறது. எட்டி நின்று எறிந்த வாழைப்பழம் விருந்தாகுமா? கொடுப்பவன் கை மேலேயும் வாங்குபவன் கை கீழேயும் இருக்கும் வரை அது ஈகையாகலாம், வேடிக்கையாகலாம், விருந்தாகாது. அவர்களைத் தொல்லை செய்யாமல் அவர்கள் காட்டில் வாழவிடுவதே நாங்கள் காட்டக்கூடிய மரியாதை. ஆனால் அந்தக் காட்சியைக் கண்டு வெட்கப்பட்ட நாம், நம் விடுதியின் பின்கட்டில் நின்றுண்ட சமையற்காரரைக் கண்டு ஏன் வெட்கப்படவில்லை?

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். முதல் மறுப்பு: பெரியவர்களை மதிக்க வேண்டாமா? வேண்டும். மாலையிட்டு மதியுங்கள், மேடையேற்றி மதியுங்கள். ஆனால் மாணவர் அருகில் அமர்ந்து உண்டால் குறைந்துவிடும் மதிப்பு என்ன மதிப்பு? நம் ஆசிரியர் பலர், மாடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டு உண்பதைவிட மாணவரோடு பேசிக் கொண்டு உண்பதையே விரும்புவர் என்பது என் துணிபு. அவர்களை நாம் கேட்டதே இல்லை.

இரண்டாம் மறுப்பு: சைவ உணவினர் என்ன செய்வர்? அவரவர் இலையில் என்ன இருக்க வேண்டும் என்பது அவரவர் உரிமை. அதில் தலையிட எவர்க்கும் இடமில்லை. பொங்கலன்று நம் சமையல் முழுவதும் சைவமே. எனவே அன்று அந்தச் சிக்கலுமில்லை. தன் இலையில் என்ன விழ வேண்டும் என்று சொல்லும் உரிமை, அடுத்த இலையில் யார் அமர வேண்டும் என்று சொல்லும் உரிமை ஆகாது.

மூன்றாம் மறுப்பே வலியது. கூடி உண்பதால் சாதி போய்விடுமா? போகாது. 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதிய டாக்டர் அம்பேத்கர், சமபந்தி உணவு சாதியைக் கொன்றுவிடாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று தெளிவாகச் சொன்னார். கோயில்களில் நடக்கும் சமபந்தி விருந்தைப் பாருங்கள். அமைச்சரும் அதிகாரியும் பொதுமக்களோடு அமர்கிறார்கள். படம் மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. மறுநாள் பந்தி பழையபடி பிரிகிறது. எங்கள் தீவின் கதையும் அம்பேத்கர் சொன்னதற்கே சான்று. அங்கே பெஞ்சு மட்டும் சாதியைக் கரைக்கவில்லை. மணமும் பிள்ளைகளும் கரைத்தன. இதை ஒப்புக் கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: கூட அமர்ந்து ஒருவேளை உண்ணக் கூசுகிறவன், வாழ்நாள் முழுதும் உண்ணத் துணிவானா? நம் மன்றம் திருமணம் செய்து வைக்க முடியாது. பெஞ்சைப் போட முடியும். செய்ய முடியாத பெரிய காரியத்தைக் காட்டி, செய்ய முடிந்த சிறிய காரியத்தை ஒத்திப்போடுவது படித்தவர்களின் பழைய தந்திரம்.

ஆகவே மன்றத்தின் செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, வருகின்ற பொங்கல் விருந்தில் மாடிப் பந்தி வேண்டா. ஒரே கூடம், எல்லார்க்கும் வாழையிலை, வந்த வரிசையில் இருக்கை. துணைவேந்தரே வந்தாலும் காலியாக இருக்கும் இடத்தில் அமரட்டும். இரண்டு, சமைத்தவர்களும் பாத்திரம் துலக்குவோரும் முதற் பந்தியில் அமர வேண்டும். அவர்களுக்குச் செயற்குழுவினர் பரிமாற வேண்டும். பந்திக்கு முந்து என்று பழமொழியே சொல்கிறது. ஆண்டெல்லாம் நமக்காகப் பிந்தியவர்கள் ஒருநாள் முந்தட்டும். மூன்று, அறிந்தவரோடு சேர்ந்து கூட்டமாக அமராமல், ஒவ்வொருவரும் தாம் பேசிப் பழகாத ஒருவருக்கு அருகில் அமர வேண்டும். இதற்குச் சட்டம் வேண்டா, மனம் வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம் என்பது எனக்குத் தெரியும். நம் விடுதி உணவுக் கூடத்தைக் கவனியுங்கள். சன்னலோரம் ஒரு மாவட்டம், நடுவில் ஒரு மாவட்டம், கை கழுவும் இடத்துக்கு அருகில் வெளிமாநில மாணவர். எவரும் கோடு கிழிக்கவில்லை. ஆயினும் கோடு இருக்கிறது. முதலாண்டில் நான் தட்டோடு நின்று எங்கே உட்காருவது என்று விழித்தபோது, அண்ணன் ஒருவர் அன்போடு அழைத்து அமர்த்தினார். இரண்டு கவளம் உண்பதற்குள் என் அப்பாவின் சொந்த ஊரைக் கேட்டார். பிறகு தெருவைக் கேட்டார். விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை போலும். மறுநாள் அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். அவர் மீது எனக்குச் சினமில்லை. அந்தக் கேள்வியை அவர் பிறக்கும் முன்பே அவர் நாவில் எழுதி வைத்தவர்கள் வேறு. ஆனால் அதை அழிக்க வேண்டியவர் அவர், நானும்தான்.

அபர்தீன் மெஸ்ஸில் உண்டு முடித்து எழுந்தபோது, அந்த வங்காளி உழவர் என் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அவர் மொழி எனக்கு முழுதும் புரியவில்லை. கொத்தனார் பெயர்த்துச் சொன்னார்: "நல்லாச் சாப்பிட்டியா தம்பின்னு கேக்குறாரு." எந்தத் தெரு என்று கேட்காத மனிதர் கேட்ட ஒரே கேள்வி அது.

வருகின்ற பொங்கலன்று, உங்கள் அடுத்த இலையில் அமர்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வேறெதுவும் கேட்க வேண்டா.